எண்ணைப் பார்த்து அஞ்சுகிறீர்கள். முதுகு வலியை ஏன் ஒதுக்குகிறீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 67. முதுகு வலிக்காகப் பரிசோதித்தபோது, 16 மாதங்களுக்கு முன்பு, புராஸ்டேட் புற்றுநோய் என்றும் அது இடுப்பெலும்பு, முதுகெலும்பு, விலா எலும்பு எனப் பல இடங்களுக்குப் பரவிவிட்டது என்றும் சொன்னார்கள். அப்போது, இரத்தத்தில் இந்த நோயைக் காட்டும் அளவான பி.எஸ்.ஏ. 412. பயாப்ஸியில், புற்றின் வீரியத்தைக் காட்டும் க்ளீசன் மதிப்பெண் 9. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசியும், தினமும் அபிராடெரோன், பிரெட்னிசோலோன் மாத்திரைகளும் எடுத்துக்கொள்கிறேன். பி.எஸ்.ஏ. 0.4 வரை இறங்கியிருந்தது. சென்ற மாதம் 0.9 என்று வந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இரவில் திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்துக் கொட்டுகிறது; எடை கூடிவிட்டது; காரணமில்லாமல் கண்ணீர் வருகிறது. மனைவியின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுத் தனி அறையில் படுத்துக்கொள்கிறேன். ஊசியைக் கொஞ்ச காலம் நிறுத்தினால் என்ன? மூலிகை மருந்துக்கு மாறிவிடலாம் என்கிறான் மகன். 0.9 என்பது முடிவின் தொடக்கமா? எனக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள்? இரண்டு வாரமாக முதுகில் புதிதாக ஒரு வலியும் இருக்கிறது, படியேறும்போது கால் தளர்கிறது. அது வயதின் காரணமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பதில்: ஐயா, நீங்கள் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த ஒரு வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. கடிதத்தைப் படித்த உடனேயே அதுபற்றி உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பி, அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லும்படி கேட்டுக்கொண்டேன்; ஆனாலும் உங்களைப் போலவே முதுகு வலியை வயதின் கணக்கில் எழுதிவிடுகிறவர்கள் பலர் இருப்பதால் இங்கேயும் விரிவாகச் சொல்கிறேன். புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்பில் பரவியிருக்கும் ஒருவருக்குப் புதிதாக முதுகு வலி வந்து, அதோடு கால்களில் தளர்ச்சியும் சேர்ந்தால், வேறு காரணம் உறுதியாகும் வரை அதை, முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றையான தண்டுவடம் அழுத்தப்படுவதன் அறிகுறியாகவே மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். படுக்கும்போது கூடுகிற வலி, இருமினாலோ தும்மினாலோ சுரீரென்று இறங்குகிற வலி, மார்பையோ வயிற்றையோ பட்டை போட்டு இறுக்குவதாகத் தோன்றும் வலி ஆகியவை எல்லாம் இதில் சேரும். கால் கனத்துப்போவது, நடக்கும்போது தள்ளாடுவது, பாதத்திலோ தொடை இடுக்கிலோ மரத்துப்போவது, சிறுநீர் போகாமல் அடைபடுவது, மலம் கட்டுப்பாடில்லாமல் போவது ஆகியவை அதற்கு அடுத்த படிகள். அந்தப் படிகளுக்காகக் காத்திருக்கக் கூடாது.

காத்திருக்கக் கூடாது என்பதற்குக் காரணம் மிக எளிமையானது. சிகிச்சை தொடங்கும் நாளில் நடந்துகொண்டிருந்தவர் பெரும்பாலும் அதன் பிறகும் நடப்பார். அந்த நாளில் நடை நின்றுபோயிருந்தவருக்கு அது திரும்புவது அரிது. முதுகெலும்பு முழுவதையும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டும், வலிக்கிற இடத்தை மட்டும் எடுத்தால் போதாது, ஏனென்றால் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அழுத்தம் இருக்கக்கூடும். காலில் தளர்ச்சி இருக்கும்போது இந்த ஸ்கேன் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடக்கூடிய வேலையல்ல, 24 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டியது. அழுத்தம் இருப்பது தெரிந்தால் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை உடனே தொடங்கி, கதிர்வீச்சோ அறுவை சிகிச்சையோ எது பொருந்தும் என்று முடிவு செய்வார்கள். பி.எஸ்.ஏ. ஒன்றுக்கும் கீழே இருக்கிறதே, இப்படியெல்லாம் நடக்குமா என்று யாராவது உங்களுக்கு ஆறுதல் சொன்னால் அதை நம்பி வீட்டில் இருந்துவிட வேண்டாம். அந்த எண் தாழ்ந்திருப்பது முதுகெலும்பு பத்திரமாக இருப்பதற்கான சான்று ஆகாது.

உங்கள் கால் தளர்ச்சிக்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தேவைக்கு மேல் அச்சுறுத்தியவன் ஆவேன். அபிராடெரோன் இரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைத்துவிடும். குறைந்தால் தசைகள் துவண்டுவிடும், இதயத் துடிப்பும் தடுமாறும். ஹார்மோன் ஊசியால் தொடைத் தசை மெலிந்திருக்கலாம். எலும்பு மெலிந்து ஒரு முள்ளெலும்பு நொறுங்கியிருக்கலாம், அது புற்றுநோயால் அல்லாமலும் நடக்கும். இவற்றையெல்லாம் ஓர் இரத்தப் பரிசோதனையும் அந்த ஸ்கேனும் பிரித்துக் காட்டிவிடும். வலி எலும்பில் பரவியிருக்கும் புற்றால்தான் என்று தெரிந்து, தண்டுவடமும் பாதிக்கப்படாமல் இருந்தால், அந்த இடத்துக்கு ஒரே ஒரு முறை 8 கிரே அளவு கதிர்வீச்சு கொடுப்பது, பல நாள் நீளும் சிகிச்சைக்கு இணையாகவே வலியைக் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். ஒரு நாள் போய் வரும் வேலை அது. மீண்டும் வலித்தால் மறுபடியும் கொடுக்க முடியும்.

இனி உங்கள் தூக்கத்தைக் கெடுத்த எண்ணுக்கு வருவோம். 0.4 என்பது 0.9 ஆனதும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டதே என்று உங்கள் மனம் கணக்குப் போடுகிறது. நான் அதை மில்லிலிட்டருக்கு அரை நானோகிராம் ஏற்றம் என்று பார்க்கிறேன், அதுவும் 412இலிருந்து இறங்கி வந்த ஒருவருக்கு. மருந்து கைவிட்டுவிட்டது என்று சொல்வதற்கு ஆய்வுகளில் வைத்திருக்கும் அளவுகோல் என்ன தெரியுமா? தொட்ட மிகக் குறைந்த அளவிலிருந்து 25 விழுக்காடும், அதோடு குறைந்தது 2 நானோகிராமும் கூடியிருக்க வேண்டும், சில வாரங்கள் கழித்து எடுக்கும் இன்னொரு பரிசோதனையும் அதை உறுதி செய்ய வேண்டும். உங்கள் கணக்கில் அது 2.4, அதை எட்டினாலும்கூட உடலில் எந்தத் தொல்லையும் இல்லாமல், ஸ்கேனிலும் மாற்றம் இல்லாமல் எண் மட்டும் ஏறியதற்காக அவசரப்பட்டு மருந்தை மாற்றும் வழக்கம் எங்களில் பலருக்கு இல்லை. இருக்கும் மருந்துகள் எல்லையற்றவை அல்ல. ஒவ்வொன்றிலிருந்தும் முழுப் பயனையும் பெற்ற பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும்.

ஆகவே, அதே பரிசோதனைக் கூடத்தில், நான்கு முதல் ஆறு வாரங்கள் கழித்து, பி.எஸ்.ஏ.யை மறுபடியும் பாருங்கள். அந்த முறை, ஊசி குறைக்க வேண்டிய ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும், பெரும்பாலானவர்களுக்கு 20க்கும் கீழே இருக்கும். அப்படி இல்லையென்றால் ஊசியின் வேலையில் ஏதோ குறை இருக்கிறது என்று பொருள். ஊசி போட வேண்டிய தேதி தள்ளிப்போனதா, மாத்திரையைச் சரியாக எடுத்துக்கொள்கிறீர்களா என்பவற்றையும் யோசித்துப் பாருங்கள். அபிராடெரோனை வெறும் வயிற்றில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் விழுங்க வேண்டும், விழுங்கிய பிறகு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. உணவோடு சேர்ந்தால் அது இரத்தத்தில் பல மடங்கு கூடிவிடும், நாளுக்கு நாள் அளவும் மாறிக்கொண்டே இருக்கும். இந்த எச்சரிக்கை மருந்துச் சீட்டின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருப்பதால் பலரும் அதைக் கவனிப்பதில்லை.

என்னிடம் வரும் ஒருவர் ஒவ்வொரு பி.எஸ்.ஏ. முடிவையும் வரைபடத் தாளில் சிவப்பு மையால் புள்ளி வைத்து, கோடு இழுத்து, மடிப்புக் கலையாமல் சட்டைப் பையில் வைத்திருப்பார். முடிவு வருவதற்கு முந்தைய ஒரு வாரம் அவர் வீட்டில் யாரோடும் பேசுவதில்லை என்று அவருடைய மகள் சொன்னார். அதே தாளில், தேதிக்குக் கீழே இன்னும் மூன்று வரிகள் எழுதச் சொன்னேன்: அன்று எவ்வளவு நேரம் நடந்தார், இரவில் எத்தனை முறை எழுந்தார், பத்துக்கு எத்தனை என்ற கணக்கில் வலி எவ்வளவு. அடுத்தடுத்த சந்திப்புகளில் நான் மாற்றிய மருந்துகளில் பெரும்பாலானவை அந்தக் கீழ் வரிகளைப் பார்த்து மாற்றியவைதான். நீங்களும் அப்படி ஒரு தாள் வைத்துக்கொண்டிருந்தால், இரண்டு வாரத்துக்கு முன்பே உங்கள் முதுகு வலி மருத்துவரின் கண்ணில் பட்டிருக்கும்.

ஊசியை நிறுத்தலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல, அந்த ஊசி என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆண் ஹார்மோனை நிறுத்தினால் பரவிய புராஸ்டேட் புற்று அடங்குகிறது என்பதை 1941ஆம் ஆண்டில் சார்லஸ் ஹக்கின்ஸ், கிளாரன்ஸ் ஹாட்ஜஸ் என்ற இருவர் காட்டினார்கள். அதற்காக ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. அன்றைக்கு விதைகளை அறுவை செய்து அகற்றிச் செய்ததை இன்றைக்கு உங்கள் ஊசி, பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து விதைகளுக்குப் போகும் ஆணையை நிறுத்திச் செய்கிறது. ஆனால் சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பிகளும், ஏன், புற்றுச் செல்களே கூட, சிறிதளவு ஆண் ஹார்மோனைத் தயாரித்துக்கொள்கின்றன. அந்த வழியை அடைப்பது அபிராடெரோனின் வேலை. அடைக்கும்போது உடலுக்குத் தேவையான கார்டிசால் என்ற ஹார்மோனும் குறைந்துவிடுவதால்தான் கூடவே பிரெட்னிசோலோன் கொடுக்கிறோம். ஸ்டீராய்டு என்ற சொல்லுக்குப் பயந்து அந்தச் சிறிய மாத்திரையை மட்டும் தாமாகவே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், கால் வீங்கும். மாதக்கணக்கில் எடுத்த பிறகு திடீரென்று நிறுத்தினால் காய்ச்சல், வாந்தி, இரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

விட்டுவிட்டு ஊசி போடும் முறையை யாரும் சோதித்துப் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். பார்த்திருக்கிறார்கள். உங்களைப் போல நோய் பரவிய 1,535 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்றின் முடிவு 2013இல் வெளிவந்தது. தொடர்ந்து ஊசி போட்டுக்கொண்டவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 5.8 ஆண்டுகள், விட்டுவிட்டுப் போட்டவர்களுக்கு 5.1 ஆண்டுகள். இடைவெளி விட்டவர்களுக்குத் தொடக்க மாதங்களில் மனநிலையும் தாம்பத்தியமும் சற்று மேம்பட்டன, அந்த நன்மை நீடிக்கவில்லை. விட்டுவிட்டுப் போடுவது தொடர்ந்து போடுவதைவிட மோசமல்ல என்று அந்த ஆய்வால் உறுதி சொல்ல முடியவில்லை. உங்களுக்கு வந்திருப்பது க்ளீசன் 9, பல எலும்புகளில் பரவல், போதாததற்கு இப்போது முதுகில் புது வலி. இந்த நிலையில் ஊசியை நிறுத்த நான் சம்மதிக்க மாட்டேன். உங்கள் மருத்துவரும் சம்மதிக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் ஊசியை நிறுத்த வேண்டும் என்று உங்களுக்குத் தோன்ற வைத்த தொல்லைகளுக்குத் தனித்தனியாக மருத்துவம் உண்டு. அதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இரவில் உடம்பு கொதிப்பது, மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்கு வருவதே தான். ஹார்மோன் குறைந்ததும் மூளையில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி தடுமாறுகிறது. அறையைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்வது, மெல்லிய பருத்தித் துணி, மதுவைத் தவிர்ப்பது ஆகியவை சிலருக்குப் போதும். போதாவிட்டால் வென்லாஃபாக்சின், ஆக்சிபியூட்டினின், காபாபென்டின் போன்ற மருந்துகளில் ஒன்றைக் குறைந்த அளவில் முயன்று பார்க்கலாம். நீங்கள் அபிராடெரோன் எடுப்பதால், இரத்த அழுத்தத்தைச் சற்று ஏற்றக்கூடிய வென்லாஃபாக்சினை விட, இரவில் ஒருமுறை கொடுத்தால் தூக்கத்துக்கும் உதவுகிற காபாபென்டினை நான் முதலில் யோசிப்பேன். சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்பதைப் பார்த்து உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

எடை கூடியிருப்பது வெறும் கொழுப்பு அல்ல, தசை போன இடத்தில் கொழுப்பு வந்து அமர்ந்திருக்கிறது. இதற்கும் ஹார்மோன் சிகிச்சையால் வரும் அசதிக்கும், மாத்திரைகளை விட உடற்பயிற்சி நன்றாக வேலை செய்கிறது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. நடை மட்டும் போதாது, தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் வேண்டும். ஆனால் ஐயா, ஸ்கேன் முடிவு வந்து, எந்த எலும்பு எவ்வளவு தாங்கும் என்று தெரிந்த பிறகுதான் இதெல்லாம். அதுவரை பாரம் தூக்குவதும் இடுப்பை முறுக்கிக் குனிவதும் வேண்டாம். பிறகு ஓர் இயன்முறை மருத்துவர் உங்கள் எலும்புகளின் நிலைக்கு ஏற்றபடி பயிற்சியை வகுத்துத் தருவார். அசதிக்கு இரத்தசோகையும் காரணமாக இருக்கலாம் என்பதால் ஹீமோகுளோபினையும், இந்தச் சிகிச்சையில் ஏறக்கூடிய சர்க்கரையையும் கொழுப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தத்தை வீட்டிலேயே பார்த்து எழுதி வையுங்கள். புகைக்கிறவராக இருந்தால் இன்றே நிறுத்துங்கள். புற்றைக் கட்டி வைத்துவிட்டு இதயத்தைக் கோட்டைவிட்டவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

எலும்பு மெலிவதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது சத்தமில்லாமல் நடக்கிறது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் உங்களுக்கு எடுத்திருக்கிறார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. எடுக்காவிட்டால் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கால்சியமும் வைட்டமின் டி-யும் பெரும்பாலும் எல்லோருக்கும் கொடுப்போம். மெலிவு உறுதியானால் எலும்பைக் காக்கும் ஊசி மருந்துகளான ஜோலிட்ரோனிக் அமிலமோ டெனோசுமாபோ சேரும். அந்த ஊசிகள் தொடங்குவதற்கு முன்பே பல் மருத்துவரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பற்களைப் பிடுங்கி முடித்துவிடுங்கள். தொடங்கிய பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் ஒரு தொல்லை, அரிதாக என்றாலும், வந்துவிடுகிறது. டெனோசுமாபை இடையில் தாமாக நிறுத்தினாலும் முள்ளெலும்புகள் நொறுங்கும் அபாயம் உண்டு.

காரணமில்லாமல் கண்ணீர் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் இரண்டு இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் இல்லாத உடலில் உணர்ச்சிகள் எளிதில் கரை தாண்டுகின்றன; அது உங்கள் மனவலிமையைப் பற்றிய தீர்ப்பு அல்ல. அதற்கு மேல், வாழ்க்கை மாறிப்போன துக்கம் இருக்கிறது, அது இயல்பானது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல், உறக்கமும் பசியும் போய், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் அது மனச்சோர்வு நோய். அதற்குச் சிகிச்சை உண்டு, சிகிச்சைக்கு அது நன்றாகவே கட்டுப்படும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே வீட்டாரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் மனைவியைப் பற்றிய பகுதியை நான் இரண்டு முறை படித்தேன். ஆசை போய்விட்டது, உடல் ஒத்துழைக்கவில்லை, ஆகவே விலகிப் படுப்பதே கண்ணியம் என்று நீங்கள் முடிவு செய்திருக்கிறீர்கள். அந்த முடிவை அவர் அறியாமல் எடுத்திருக்கிறீர்கள். அவர் பக்கத்தில் நின்று பாருங்கள்: கணவருக்குப் பெரிய நோய், சில மாதங்களில் அவர் பேச்சைக் குறைத்து, அறையை மாற்றி, தொட்டாலும் விலகுகிறார். தன் மீது ஏதோ கோபம் என்றோ, தன்னிடம் எதையோ மறைக்கிறார் என்றோ நினைக்க அவருக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. ஊசியைப் பற்றி விளக்கும்போது, இது ஆசையையே அணைத்துவிடும் மருந்து, விறைப்பு வராமல் போவது இதன் எதிர்பார்த்த விளைவு என்று முதல் நாளிலேயே கணவன், மனைவி இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து மருத்துவர்கள் சொல்லியிருக்க வேண்டும். எங்களில் பலர் கூச்சத்தினாலும் நேரமின்மையாலும் அதைச் சொல்வதில்லை; வயதானவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்ற தவறான எண்ணமும் ஒரு காரணம்.

ஆகவே அந்தப் பேச்சை நீங்களே தொடங்குங்கள். நீளமாகப் பேச வேண்டியதில்லை. “இந்த ஊசியால் எனக்கு அந்த ஆசையே வருவதில்லை, உன் மேல் எந்தக் குறையும் இல்லை, எனக்கு வெட்கமாக இருந்ததால் தள்ளிப் படுத்தேன்” என்று சொன்னால் போதும். மனைவியரில் பலர் இதைக் கேட்டதும் முதலில் பெருமூச்சு விடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். கை பிடித்துக்கொண்டு உட்கார்வதற்கும், ஒரே கட்டிலில் படுப்பதற்கும், தோளில் சாய்வதற்கும் டெஸ்டோஸ்டிரோன் தேவையில்லை. வியர்வையால் அவர் தூக்கம் கெடும் என்பது காரணமானால் தனித்தனிப் போர்வை வைத்துக்கொள்ளுங்கள். விறைப்புக்கான மாத்திரை, வெற்றிடப் பம்பு போன்றவற்றை முயல விரும்பினால் சிறுநீரியல் மருத்துவரிடம் (யூராலஜிஸ்ட்) கூச்சமின்றிக் கேளுங்கள். ஆசை இல்லாத நிலையில் அவற்றின் பயன் குறைவு என்பதையும், நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் அந்த மாத்திரைகளைத் தொடக் கூடாது என்பதையும் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

மகன் சொல்லும் மூலிகை மருந்து பற்றி. அவருடைய பதற்றம் எனக்குப் புரிகிறது, சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாதவர்கள் எதையாவது செய்யத் துடிப்பார்கள். ஆனால் அவரிடம் ஒரு வரலாற்றைச் சொல்லுங்கள். புராஸ்டேட் நோய்க்கென்றே பி.சி.-ஸ்பெஸ் என்ற பெயரில் எட்டு மூலிகைகளின் கலவை ஒன்று அமெரிக்காவில் விற்கப்பட்டது; அதை உண்டவர்களுக்கு பி.எஸ்.ஏ. உண்மையிலேயே இறங்கியது. பிறகு சோதித்துப் பார்த்தபோது அதில் செயற்கைப் பெண் ஹார்மோனும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினும் கலந்திருந்தது தெரிய வந்து, 2002இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லப்படாத எந்தப் பொடியும், சூரணமும், கல்லீரலைக் கண்காணிக்க வேண்டிய அபிராடெரோனோடு சேரக் கூடாது. எதையாவது ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் திட்டுவார்களோ என்று மறைக்காமல் அந்தப் பொட்டலத்தையே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

எத்தனை ஆண்டுகள் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்கும் துணிவுள்ளவருக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். பரவிய பிறகு இந்த நோயை அடியோடு அகற்ற இன்றைய மருத்துவத்தால் பொதுவாக முடிவதில்லை; அடக்கி வைக்க முடிகிறது. உங்களைப் போலவே க்ளீசன் அளவு உயர்ந்து, பல எலும்புகளில் நோய் இருந்த 1,199 பேரிடம் லேட்டிட்யூட் என்ற ஆய்வு நடந்தது. ஹார்மோன் ஊசி மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 36.5 மாதங்கள், நீங்கள் எடுத்துக்கொள்ளும் அபிராடெரோனும், பிரெட்னிசோலோனுக்கு இணையான பிரெட்னிசோனும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 53.3 மாதங்கள். இடைநிலை என்றால், பாதிப் பேர் அதற்கு மேல் வாழ்ந்தார்கள் என்பது. நீங்கள் எந்தப் பாதியில் இருப்பீர்கள் என்பதை உங்களைப் பார்க்காமல் நான் சொன்னால் அது சோதிடம், 412இலிருந்து 0.4க்கு இறங்கியது நல்ல பக்கத்து அடையாளம், புது முதுகு வலி கவலைக்குரிய பக்கத்து அடையாளம், ஸ்கேன் முடிவை வைத்துக்கொண்டு உங்கள் மருத்துவர் இன்னும் தெளிவாகச் சொல்வார். ஆண்டுகளில் பேசுகிறாரா மாதங்களில் பேசுகிறாரா என்று அவரிடம் கேளுங்கள். சொத்து, கணக்கு வழக்கு, பேச இயலாத நிலை வந்தால் உங்களுக்காக முடிவெடுக்க வேண்டியவர் யார் என்பவற்றை, உடம்பு நன்றாக இருக்கும்போதே எழுதி வைத்துவிடுவதும் நல்லது.

இப்போதைய மருந்து ஒரு நாள் கைவிட்டால் வழி அடைபட்டுவிடாது. டோசிடாக்சல் என்ற கீமோ சிகிச்சை இருக்கிறது. புற்றுச் செல்களின் மேலிருக்கும் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தைத் தேடிச் சென்று ஒட்டிக்கொண்டு கதிர்வீசும் லுட்டீஷியம்-177 ஊசி 2022 முதல் சில நாடுகளில் ஒப்புதல் பெற்றிருக்கிறது. எலும்பில் மட்டும் நோய் இருப்பவர்களுக்கு ரேடியம்-223 என்ற கதிரியக்க ஊசி உண்டு. எல்லாம் எல்லோருக்கும் பொருந்தாது, எல்லா இடத்திலும் கிடைக்காது, உடம்பின் தெம்பையும் பார்க்க வேண்டும்.

இதோடு, நோய்த்தணிப்பு மருத்துவர் ஒருவரையும் இப்போதே சந்தித்துவிடுங்கள் என்பேன். அந்தப் பெயரைக் கேட்டாலே கடைசிக் கட்டம் என்று பலர் பதறுகிறார்கள். வலி, தூக்கம், மலச்சிக்கல், மன உளைச்சல் இவற்றையே தொழிலாகக் கொண்ட மருத்துவர்கள் அவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கும்போதே கூட இருப்பார்கள். மார்ஃபின் தேவைப்படும் நாள் வந்தாலும் தயங்காதீர்கள். வலிக்கேற்ற அளவில் மருத்துவர் மேற்பார்வையில் வாய்வழி எடுக்கும் மார்ஃபினுக்குப் புற்று நோயாளிகள் அடிமையாகிப்போவது அரிது. மலச்சிக்கல் மட்டும் பெரும்பாலும் வரும், அதற்கான மருந்தை முதல் நாளிலிருந்தே சேர்த்து எடுக்க வேண்டும்.

கடைசியாக, உங்கள் மகனுக்குச் செய்ய உண்மையான வேலை ஒன்று இருக்கிறது. பரவிய புராஸ்டேட் புற்றுநோய் உள்ள ஆண்களில் ஏறத்தாழ எட்டில் அல்லது ஒன்பதில் ஒருவருக்கு, மரபணுச் சேதத்தைச் சரிசெய்யும் மரபணுக்களில் பிறவியிலேயே மாற்றம் இருக்கிறது, பி.ஆர்.சி.ஏ.-2 அவற்றில் முக்கியமானது. உங்கள் இரத்தத்திலோ உமிழ்நீரிலோ இதைப் பரிசோதிக்கலாம். இருந்தால் உங்களுக்கு ஒலாபரிப் போன்ற மாத்திரைகள் பிற்பாடு பயன்படும். அதைவிட முக்கியமாக, அந்த மாற்றம் உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. மகனுக்கு இருந்தால் அவர் 40 வயதிலிருந்தே ஆண்டுதோறும் பி.எஸ்.ஏ. பார்த்துக்கொள்ள வேண்டும், மகளோ சகோதரியோ இருந்தால் மார்பகம், சினைப்பைப் புற்றுக்கான கண்காணிப்பு பற்றி அவர்களும் மரபணு ஆலோசகரிடம் பேச வேண்டும். மகனையும் மனைவியையும் அடுத்த சந்திப்புக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள், இந்தப் பரிசோதனையை எங்கே, எப்படிச் செய்வது என்று விசாரிக்கும் பொறுப்பை மகனிடம் கொடுங்கள். முதுகு ஸ்கேனின் முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.